எந்த குரூப் எடுத்தால் எந்த வாசல்? டெல்டா மாணவர்களுக்கு ஒரு கணக்கு

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் பிளஸ் ஒன் சேர்க்கையும் நடக்கிறது. வீட்டில் குறுவை நாற்றங்கால் வேலை தலைக்கு மேல் கிடக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எடுத்துக்கொண்டு பிள்ளை பள்ளிக்குப் போகும். "400-க்கு மேல இருந்தா ஃபர்ஸ்ட் குரூப், இல்லேன்னா சயின்ஸ், அதுவும் இல்லேன்னா காமர்ஸ்" என்று மேசையிலேயே பேச்சு முடிந்துவிடும். ஐந்து நிமிடம்தான். இரண்டு ஆண்டு கழித்து எந்த அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம். பள்ளியில் படிக்காத பாடத்தை அப்படி மீட்டெடுப்பது லேசான காரியம் இல்லை.

அதனால் முதலில் குரூப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்தது பயோ-மேத்ஸ். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை எடுத்துவிட்டுத் தாவரவியலும் விலங்கியலும் வைத்தால் ப்யூர் சயின்ஸ். இவை தவிர, வேளாண் அறிவியல் போன்ற பாடங்கள் உள்ள தொழிற்கல்விப் பிரிவு சில பள்ளிகளில் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று குரூப்பும் எங்கெங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைஞாயிற்றில் உள்ள அதன் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டம் படிக்க உயிரியல் வேண்டும், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். அதே பல்கலைக்கழகம் நாகையில் நடத்தும் மீன்வளப் பொறியியல் பி.டெக். படிப்புக்குக் கணிதம் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த மாணவர் முதல் படிப்பைத் தொட முடியாது. ப்யூர் சயின்ஸ் எடுத்தவர் இரண்டாவதைத் தொட முடியாது. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு வாசல். இரண்டிலும் நுழையக்கூடியவர் பயோ-மேத்ஸ் படித்தவர் மட்டும்தான்.

ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உயிரியல் இல்லாமல் போக முடியாது. அங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நீட்டில் குறைந்ததும் கால்நடை மருத்துவமும் போயிற்று என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், பெயரை வைத்து உயிரியல் சார்ந்ததாகத் தோன்றும். உண்மையில் அதன் பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. மெயின் என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது, கணிதம் கட்டாயம். உணவு, ஊட்டச்சத்து என்று ஆசைப்பட்டு ப்யூர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த நிறுவனம் எட்டாமல் போகிறது.

வேளாண்மைக்கும் பொறியியலுக்கும் கட்-ஆஃப் போடும் முறை வேறு வேறு. தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடத்துக்கும் ஆளுக்கு 50. ஒரு மாணவி கணிதத்தில் 82, இயற்பியலில் 90, வேதியியலில் 88, உயிரியலில் 96 எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். பொறியியலுக்கு 82, 45, 44 கூட்டினால் 171. வேளாண்மைக்கு 41, 45, 44, 48 கூட்டினால் 178. கணிதத்தில் சற்றுத் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் பொறியியலில் இரட்டிப்பாக அடிக்கும். வேளாண்மையில் பாதியாகக் குறையும். "மேத்ஸ் வீக், அதனால் பயோ-மேத்ஸ் வேண்டாம்" என்று முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, தஞ்சாவூர் ஈச்சங்கோட்டை, நாகை கீழ்வேளூர் என்று டெல்டாவைச் சுற்றியே அரசு வேளாண் கல்லூரிகள் உள்ளன. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் பி.டெக். படிக்கக் கணிதம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகமான திருச்சி என்.ஐ.டி.க்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம். ஜே.இ.இ. மெயினில் நல்ல ரேங்க் வாங்கினாலும் பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும், இல்லையென்றால் தன் தேர்வு வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வர வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 விழுக்காடு. இந்த 75-ஐ 600-க்குக் கணக்கிடுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், மொழிப் பாடங்களில் அதிக மதிப்பெண் வந்த ஒன்று, மீதியில் அதிகம் வந்த இன்னொன்று என்று ஐந்து பாடம், 500-க்கு 375. இந்த ஐந்திலும் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று தமிழையும் ஆங்கிலத்தையும் தள்ளி வைக்கிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்ததை டெல்டாவில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்றப் பாடங்களின் குறைந்தபட்சம் என்ற வேலி இன்றும் அப்படியே நிற்கிறது.

என்.ஐ.டி.யில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. ஆனால் சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரோ ஆதார் முகவரியோ அல்ல, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற மாநிலம். கோச்சிங்குக்காக ஆந்திராவில் உள்ள விடுதிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வைத்தால், திருச்சி என்.ஐ.டி.யில் அவர் வெளிமாநிலத்தவர்.

இனி ஆராய்ச்சியை நோக்கிய நிறுவனங்கள். புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று ஏழு ஊர்களில் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு ஐ.ஏ.டி. என்ற ஒரே தேர்வு. தகுதி விதி தாராளமானது: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கில் ஏதேனும் மூன்று படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் 60 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 55. இதைப் படித்துவிட்டு மூன்று குரூப்பும் சமம் என்று நினைத்துவிடுகிறார்கள். வினாத்தாளைப் பாருங்கள். 60 கேள்விகள், மூன்று மணி நேரம், சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும், மொத்தம் 240. நான்கு பாடத்திலிருந்தும் 15, 15-ஆகக் கேட்கிறார்கள். ப்யூர் சயின்ஸ் மாணவருக்குக் கணிதத்தின் 60 மதிப்பெண் தொடக்கத்திலேயே கைவிட்டுப் போகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு உயிரியலின் 60. தகுதி இருக்கும், தரவரிசையில் கால் பங்கு இல்லாமல் ஓட வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு தரப்பின் நிலையும் ஒன்றல்ல. உயிரியல் படிக்காதவர் பாடநூலை வைத்துக்கொண்டு செல், மரபியல், மனித உடலியல், சூழலியல் என நான்கைந்து பகுதிகளைத் தானாகப் படித்து 15-இல் ஆறேழு கேள்விகளையாவது தொட முடியும். கணிதம் இரண்டு ஆண்டு விட்டுப்போனவர் அப்படித் தானாகப் பிடிப்பது மிகக் கடினம். ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் தோளில் நிற்பதுதான் காரணம். ஆகவே பயோ-மேத்ஸ் கிடைக்கவே இல்லை, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், மருத்துவமோ கால்நடையோ மீன்வளமோதான் வேண்டும் என்ற உறுதி இல்லாத பிள்ளைக்குக் கணிதம் உள்ள குரூப்பே நல்லது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமான ஐ.ஐ.எஸ்சி.யின் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும், ஐ.ஏ.டி. மதிப்பெண்ணை அங்கேயும் ஏற்கிறார்கள். நைசர் எனப்படும் புவனேஸ்வர் அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பை அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நடக்கும் நெஸ்ட் தேர்வு மட்டும் சற்றுக் கருணை காட்டுகிறது. நான்கு பகுதிகளில் சிறந்த மூன்றை எடுத்துக்கொள்வதால் விட்டுப்போன பாடம் அவ்வளவு வலிக்காது.

திருவாரூர் நீலக்குடியில் 2009-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. அதில் நடக்கும் தவறு வேறு வகை. விண்ணப்பம் போடும்போதே எந்தெந்தப் பாடத்தில் தேர்வு எழுதப்போகிறோம் என்று குறிக்க வேண்டும். சேர விரும்பும் படிப்புக்குப் பல்கலைக்கழகம் எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று பார்க்காமல், நெட் கடைக்காரர் சொன்னபடி ஜெனரல் டெஸ்ட் என்ற பொதுத் தாளை மட்டும் டிக் செய்துவிட்டு வந்தால், நல்ல மதிப்பெண் இருந்தும் அந்தப் படிப்புக்கு உதவாது. முதலில் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியல், பிறகு விண்ணப்பம். இந்த வரிசை மாறக் கூடாது.

குரூப் சரியாக அமைந்த பிறகும் நிறையப் பேர் தோற்பது ஒரு காரணத்தால்தான்: பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காகப் படிக்காமல் விடுவது. பிளஸ் ஒன் தொடங்கி இரண்டு மாதத்தில் பிளஸ் டூ போர்ஷனை ஆரம்பித்து, இரண்டு ஆண்டும் அதையே திரும்பத் திரும்ப எழுத வைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் வேரோடியிருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால், அதன் விலையை நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள்தான் கொடுப்பார்கள். அந்தத் தேர்வுகளில் ஏறக்குறையப் பாதிப் பாடம் பிளஸ் ஒன்னுடையது.

பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். அணிகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். எல்லாம் பயன்பாடுகள். பயன்படுத்த வேண்டிய சரக்கு பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது: அணிகள், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல். வேதியியலிலும் இதே கதை. பிளஸ் ஒன்னின் முதல் பாடமான மோல் கணக்கீடு கைவராதவருக்குப் பிளஸ் டூவின் மின்வேதியியல் கணக்கும் வேதிவினை வேகக் கணக்கும் மனப்பாட வரிகளாகத்தான் இருக்கும். பிளஸ் ஒன் வேதிச் சமநிலை புரியாதவருக்குப் பிளஸ் டூ அயனிச் சமநிலை புரியாது. இயற்பியலில் விசைகள், வேலை-ஆற்றல், சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாமே பிளஸ் ஒன். புக் பேக் கேள்விகளை மட்டும் உருப்போட்டுப் பொதுத் தேர்வில் 95 எடுத்த பிள்ளை, இரண்டு கருத்தைக் கோத்துக் கேட்கும் ஒரு ஐ.ஏ.டி. கேள்வி முன் திகைத்து நிற்பது அறிவுக் குறைவால் அல்ல. அந்த வகைக் கணக்கை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

2018-க்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்குப் பற்றாதவை என்று சொல்வது சரியல்ல. பாடப் பரப்பில் அவை சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களுக்குக் குறைந்தவை அல்ல. குறை, பயிற்சிக் கணக்குகளில். ஆகவே கருத்தை நம் பாடநூலில் படித்து, கணக்கை என்.சி.இ.ஆர்.டி. பயிற்சிகளிலும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலும் போட்டுப் பழகுவதே சிக்கனமான வழி. பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முந்தைய வினாத்தாள் பகுதியை, ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தால் போதும். மோல், வெக்டர், வகையிடல் மூன்றில் எது ஆட்டம் காண்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தமிழ்வழி மாணவர்கள் இதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீட், ஜே.இ.இ. மெயின், க்யூட் மூன்றும் தமிழிலும் எழுதலாம். ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, ஐ.ஏ.டி., நெஸ்ட் ஆகியவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இதற்காகப் பயிற்றுமொழியை மாற்ற வேண்டியதில்லை. பாதியில் மாற்றினால் இரண்டும் கெடும். நமது பாடநூலின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் பாடத்துக்குப் பாடம் பொருந்துபவை, இரண்டும் இணையத்தில் இலவசம். தமிழில் பாடம் புரிந்த அன்றே அதே பாடத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மட்டும் ஆங்கிலப் பதிப்பில் வாசித்துவந்தால், இரண்டு ஆண்டில் வினாத்தாள் மொழி பழகிவிடும். அறிவியல் வினாத்தாளில் வரும் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் அடங்கியது.

விண்ணப்பத் தேதிகளில் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். பொறியியல், வேளாண்மை கவுன்சிலிங் போலப் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தேசிய நிறுவனங்கள் அத்தனையும் கடந்துவிட்டிருக்கும். ஜே.இ.இ. மெயினின் முதல் கட்டத்துக்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஐ.ஏ.டி., க்யூட், நெஸ்ட் எல்லாம் பொதுத் தேர்வை ஒட்டிய மாதங்களில் விண்ணப்பம் வாங்கி முடித்துவிடுவார்கள். நவம்பர் நமக்கு மழை மாதம். 2018 நவம்பர் 16-இல் கஜா கரையைக் கடந்தபின் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கடைசி நாளை நம்பாமல் விண்ணப்பம் திறந்த உடனே முடித்துவிடுவது டெல்டாக்காரருக்கு இரட்டிப்பாக அவசியம்.

சான்றிதழ்களில் ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும், அதில்தான் அதிகச் சேதம். தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் செல்லும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டவர்) சான்றிதழ் வேண்டும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கவுன்சிலிங்கில் அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். பழைய சான்றிதழைப் பதிவேற்றியவர் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படுவார். இதில் 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைப் பார்த்து நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் தயங்குகின்றன. சம்பளத்தையும் வேளாண் வருமானத்தையும் அந்த 8 லட்சத்தில் சேர்ப்பதில்லை. நில அளவுக்குத் தனி வரம்பு இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், மருத்துவம் எல்லாவற்றிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகையால், பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும்போது தனியார் பள்ளிக்குப் போனால் இது போய்விடும். உள்ளூர் அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் இல்லையென்றால், அது இருக்கும் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையோ மாவட்டத்தின் மாதிரிப் பள்ளியையோ தேடுவதுதான் சரி. போய்ச் சேரும் முன் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நிரந்தர முதுநிலை ஆசிரியர் இருக்கிறாரா, பிளஸ் ஒன் செய்முறை வகுப்பு ஆய்வகத்தில் நடக்கிறதா. குரூப் பெயரளவில் மட்டும் இருக்கும் பள்ளியில் இடம் கிடைத்தும் பயனில்லை.

ஏற்கெனவே குரூப் எடுத்தாகிவிட்டது, தவறு என்று இப்போது தெரிகிறது என்றால், வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரைப் பார்த்து மாற்றக் கேட்கலாம். தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் போன பிறகு வழியில்லை. பிளஸ் டூவிலேயே இருப்பவருக்கு வேறு பாதை. ப்யூர் சயின்ஸ் மாணவருக்கு வேளாண்மை, கால்நடை, மீன்வளம், ஐசர், நைசர் எல்லாம் திறந்தே இருக்கின்றன. தொழிற்கல்வியில் வேளாண் அறிவியல் படித்தவருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

இடம் கிடைக்காமல் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ தஞ்சை சரபோஜி கல்லூரியிலோ மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கல்லூரியிலோ பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ கணிதமோ சேர்கிறவர்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்துச் சோர வேண்டாம். மூன்றாம் ஆண்டில் எழுதும் ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு எம்.எஸ்சி.க்கு வாசல் திறக்கிறது, ஐ.ஐ.எஸ்சி.யிலும் சில ஐசர்களிலும் பி.எஸ்சி.க்குப் பிறகு நேராக ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரலாம். அதற்கான தயாரிப்பை முதல் ஆண்டு இரண்டாம் பருவத்திலேயே தொடங்க வேண்டும். தொடங்கும்போது முதலில் எடுக்க வேண்டிய புத்தகம், பரணில் போட்டுவைத்த அதே பிளஸ் ஒன் கணிதத்தின் இரண்டாம் தொகுதி.